உறைமேல் முகவரி

அத்தியாயம் 14

2012 மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி அறையில் இருந்தவர்கள்:

மேசைக்குப் பின்னால் வக்கீல் பிரிசில்லா. கோர்ட்டில் பதினோரு வருஷம், பட்டாளத்து வழக்குகளில் இரண்டு வருஷம்.

அவருடைய குமாஸ்தா லூர்துசாமி. ஸ்டேப்ளர் பின்னைப் பல்லால் பிடுங்குகிறவர்.

கதிரவன், முன்னாள் சிப்பாய், வயது நாற்பத்தேழு. நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தான்.

அவன் மனைவி மலர்க்கொடி. அவள் இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு பழைய இரும்புச் சாவி.

அவன் தங்கை இசைவாணி. செம்மண்டலத்தில் குடியிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா சாமிக்கண்ணு, அம்மா சின்னம்மாள். இருவரும் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அன்றைக்குப் பேச்சு அவர்களைச் சுற்றித்தான் நடந்தது.

"உக்காருங்கண்ணே," என்றார் லூர்துசாமி.

"நின்னு பழக்கம்," என்றான் கதிரவன்.

"நின்னாதான கீழ உழுறதுக்கு வசதி," என்றாள் மலர்க்கொடி.

யாரும் சிரிக்கவில்லை. கதிரவன் மட்டும் உதட்டை இழுத்தான். இருபது வருஷமாகக் கேட்கிற பேச்சு அது.

கதிரவனின் வழக்கு நாலு வரிக் கதை. பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். மூன்று வருஷம் கழித்து, எல்லைப் பனியில் காவல் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்தான். ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடல் ஊனத்துக்கான பென்ஷன் கேட்டபோது, நோய் பட்டாளத்தில் வந்ததல்ல, முன்பே இருந்தது, மறைத்துச் சேர்ந்திருக்கிறாய் என்று ஒரே பக்கத்தில் பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கும் அதே பதில்.

அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷம் அவன் செக்யூரிட்டி. ஏ.டி.எம். வாசல், கல்யாண மண்டபம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி கம்பெனி. எங்கேயும் ஒரு முறை விழுந்தால் போதும், மறுநாள் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

போன டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல், சிதம்பரத்தில் அவன் வீட்டுக் கூரையைத் தூக்கிப்போனது. டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டாளத்துக் காகிதங்கள் கூழாகிவிட்டன. காகிதம் இல்லாமல் கேஸ் இல்லை என்றார் பிரிசில்லா. இசைவாணி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். கேட்டது நாலு பக்கம். வக்கீல் முகவரிக்குச் சென்ற வாரம் வந்து சேர்ந்த காகிதக் கட்டில் எண்பத்தாறு பக்கம் இருந்தது.

"முன்னாடி இந்த மாதிரி கேஸுன்னா ஹைகோர்ட் ஒண்ணுதான்," என்றார் பிரிசில்லா. "வருஷக்கணக்கா கெடக்கும். இப்ப பட்டாளத்துக்காரங்களுக்குன்னே தனிச் சட்டம் போட்டு, சென்னையில தீர்ப்பாயம் வந்து ரெண்டு வருஷம் தாண்டிடுச்சி. கெடையாதுன்னு எப்பவோ மூடுன கேஸையெல்லாம் தெறந்து பாக்குறாங்க."

"இருவத்து நாலு வருஷம் ஆயிடுச்சே மேடம். லேட்டுன்னு தூக்கிப் போட்டுட மாட்டாங்களா?" என்று கேட்டாள் இசைவாணி.

"பென்ஷன் மாசாமாசம் வரவேண்டியதும்மா. வராத ஒவ்வொரு மாசமும் ஒரு புதுக் குறைதான்னு வாதாடலாம். பழசு முழுக்க வராது. இனிமே வரவேண்டியது வரும்."

கதிரவன் குறுக்கே வந்தான். "எனக்கு முன்னாடி இல்லன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"சேக்கும்போது டாக்டர் பாத்துத்தான சேத்தாங்க? அந்தக் காகிதத்துல நோயப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்போ நடுவுல வந்த நோய் சர்வீஸ்ல வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். இல்லைன்னா அவங்கதான் நிரூபிக்கணும். விதி அப்பவே இருந்துச்சி. உங்கள மாதிரி ஆளுக்குக் கேக்க எடம் இல்ல, அவ்ளோதான்."

"அப்ப நான் சொன்னது சரி."

"சரி. ஆனா நிரூபிக்கறதுக்கு அவங்க கையில ஒண்ணு இருக்கு." பிரிசில்லா கட்டைப் புரட்டினார். "அறுபத்து மூணாம் பக்கம்."

அது ஒரு கடிதத்தின் ஜெராக்ஸ். பக்கத்திலேயே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பிரிசில்லா தமிழில் இருந்ததை வாசித்தார்.

"ஐயா, என் மகன் கதிரவனுக்கு ஐந்து வயது முதல் காக்காய் வலிப்பு நோய் உள்ளது. அதை மறைத்துப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டோம். எனவே அன்புகூர்ந்து என் மகனை வீட்டிற்கு அனுப்பிவைக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, சாமிக்கண்ணு. கீழ கைநாட்டு இருக்கு. எண்பத்தேழு நவம்பர் தேதி."

லூர்துசாமி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பரீட்சைப் பேப்பராட்டம் இருக்கு. இடம், நாள், கீழ கட்டம் கட்டி உறைமேல் முகவரி. பத்துக்குப் பத்து போடலாம்."

இசைவாணிக்கு அதை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. தினமும் நாற்பது நோட்டு திருத்துகிறவளுக்குக் கையெழுத்து என்பது முகம். தன் முகத்தை யாரும் மறப்பதில்லை. அந்தக் கட்டத்தின் இடது கோடு லேசாக வளைந்திருந்தது. பள்ளி நாளில் அவளிடம் இருந்த மர ஸ்கேலின் அந்த ஓரத்தை எலி கடித்திருந்தது.

கதிரவன் கடிதத்தின் மேல் குனிந்தான். கைநாட்டின் மேல் விரலை வைத்தான்.

"அப்பாதுதான். கட்டை வெரல்ல அருவா வெட்டு, பாருங்க, நடுவுல கோடு ஓடுது." நிமிர்ந்தான். "ஆனா அப்பாக்கு எழுதத் தெரியாது. எழுதுனது எவன்?"

சொல்லியிருக்கலாம். இசைவாணி வாயைக்கூடத் திறந்தாள். "தண்ணி இருக்குமா?" என்றுதான் வந்தது. லூர்துசாமி பாட்டிலை நீட்டினார்.

"எழுதினவங்க உயிரோட இருந்தா நல்லது," என்றார் பிரிசில்லா. "இது பொய், பையன வீட்டுக்கு வரவழைக்கத்தான் எழுதினோம்னு ஒரு அஃபிடவிட் குடுத்தாங்கன்னா இந்தக் கடுதாசிக்கு உசுரு போயிடும். இல்லைன்னா இந்த ஒரு பக்கம் போதும், நம்மள வெளிய அனுப்ப. வெள்ளிக்கிழமை ஃபைல் பண்றேன். வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

"ராஜமாணிக்கம்," என்றான் கதிரவன்.

"யாரு?"

"ஊர்ல பட்டாளத்து அட்ரஸு தெரிஞ்ச ஒரே ஆளு. ரிட்டயர்டு ஹவில்தாரு. புவனகிரில மவ வீட்டுல இருக்காரு. அவரு கையாலயே எழுதி வாங்கிட்டு வரேன்."

கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். மலர்க்கொடி சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடினாள். மத்தியானம் பள்ளிக்கூடம் போகவேண்டிய இசைவாணியும் அதே படியில்தான் இறங்கினாள். தனியாகத் திரும்பிப் போக அவளுக்குத் தைரியம் இல்லை.

சிதம்பரம் பஸ்ஸில் கதிரவன் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பெண்கள் இருவரும் நடுவில் உட்கார்ந்தார்கள். வெளியே புயல் சாய்த்த மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு வழியெல்லாம் கிடந்தன. இரண்டு மாதம் ஆகியும் அறுத்து முடியவில்லை.

எண்பத்தேழு நவம்பர் இசைவாணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தமிழ்ப் பையன்களையெல்லாம் இலங்கைக்கு அனுப்புகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பக்கத்து ஊருக்கு ஒரு சவப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தந்தி வந்ததிலிருந்து அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. தேறினால் இலங்கைதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அப்போது யோசனை சொன்னவர் ராஜமாணிக்கம். சின்ன வயசிலிருந்தே இருக்கு என்று சொன்னால் உடனே அனுப்பிவிடுவார்கள். அப்பா தலையாட்டினார். வீட்டில் எழுதத் தெரிந்தவள் இசைவாணி ஒருத்திதான். பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தெரிந்த ஒரே கடிதம் தமிழ் இரண்டாம் தாளில் வருகிற விடுப்பு விண்ணப்பம். விடுப்பு என்ற இடத்தில் அண்ணனைப் போட்டு எழுதினாள்.

கடிதம் வேலை செய்தது. அடுத்த ஏப்ரலில் அண்ணன் வந்து நின்றான். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, மகளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தாள். "அவங்கிட்ட சொல்லாத. பட்டாளம்னா அவனுக்கு உசுரு," என்றாள். எழுதினால் காரியம் நடக்கும் என்று இசைவாணி நம்பியது அப்போதுதான்.

கடிதம் என்ன செய்தது என்று தெரியாது என அவள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பென்ஷன் மறுப்பு வந்தபோது ‘முன்பே இருந்தது’ என்ற வரியை அண்ணனுக்குத் தமிழில் படித்துச் சொன்னவளும் அவள்தான். அன்றைக்கே கடிதம் ஞாபகம் வந்தது. டாக்டர்கள் ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வசதியான நினைப்பு. இருபத்து நாலு வருஷம் தாங்கியது.

"டீச்சரம்மா," என்றாள் மலர்க்கொடி, ஜன்னலைப் பார்த்தபடியே. "எனக்குக் கல்யாணம் ஆயி மூணாம் மாசம் இவரு அடுப்படில உழுந்தாரு. நோய மறைச்சிக் கட்டி வச்சிட்டீங்களேன்னு உங்கம்மாவ நாலு தெரு கேக்கத் திட்டுனேன். அவுங்க ஒரு வார்த்தை பேசல. இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல."

"ம்."

"இவரு மட்டும் சொல்லுவாரு, பட்டாளத்துலதான் வந்துச்சின்னு. மிலிட்டரிக்காரனே எழுதிக் குடுத்திருக்கான், நீ இன்னா பெரிய அரிச்சந்திரனான்னு கேப்பேன். அந்தக் கடுதாசில இருக்கறது நெசமா, பொய்யா?"

"பொய் அண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கூடவே வளந்தவ எனக்குத் தெரியாதா."

மலர்க்கொடி சுருக்குப்பைக் கயிற்றை இழுத்து முடிந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "எம் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. வீட்டுல உக்காந்து கட்டம் கட்டமா போட்டுப் பழவுறா. உறைமேல் முகவரி. ஹவில்தாருங்க கட்டம் போடுவாங்களா டீச்சரம்மா?"

"முட்லூர் எறங்கு," என்று கண்டக்டர் விசில் அடித்தார். புவனகிரிக்கு அங்கே வேறு பஸ் மாற வேண்டும். கதிரவன் ஏற்கெனவே படியில் நின்றான்.

ராஜமாணிக்கம் வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருந்தார். எழுபத்தாறு வயது. சர்க்கரை வியாதியில் வலது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, டி.வி.யில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடா கதிரு. ஒரு பட்டாளத்தான் இன்னொரு பட்டாளத்தானப் பாக்க இத்தினி வருஷமா?"

"இதப் படி மாமா."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து எழுத்துக் கூட்டினார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்தவர் கதிரவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற இசைவாணியைப் பார்த்தார்.

"இத நான் எழுதல."

"பொய் சொல்லாத. உன்னால என்னைப் பொய்யன்னு எழுதி வச்சிட்டாங்க. இருவத்து நாலு வருஷம். எம் பொண்டாட்டியே நம்பல."

"யோசனை சொன்னது நான். அட்ரஸு குடுத்தது நான். அதுக்கு வேணா செருப்பால அடி, வாங்கிக்கறேன். பென்ஷன் போவும்னு அப்ப தோணலடா. உசுரோட வந்தா போதும்னு உங்கம்மா கதறுனா." ராஜமாணிக்கம் கடிதத்தை மடியில் வைத்தார். "ஆனா நான் நாலாங் கிளாஸு. பட்டாளத்துல கத்துக் குடுத்தது இங்கிலீசு எழுத்துல இந்தி. தமிழ்ல எங் கையெழுத்துக்கு மேல எழுத வராது. என் சொந்தக் கடுதாசியவே உங்க வூட்ல குடுத்துத்தான் எழுதி வாங்குவேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்க வூட்ல யாருகிட்ட?" என்றான் கதிரவன்.

டி.வி.யில் யாரோ சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட," என்றாள் இசைவாணி. "நான்தான் எழுதுனேன் அண்ணே."

கதிரவன் திரும்பினான். அவனுக்குக் கோபம் வந்தால் இடது கண் இமை துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப உனக்கு எத்தினி வயசு?"

"பதினஞ்சு."

"கட்டம் ஸ்கேல் வச்சுப் போட்டியா?"

"ஆமா."

"நல்லா போட்டிருக்க." ராஜமாணிக்கத்தின் மடியிலிருந்த கடிதத்தை எடுத்துக் கட்டுக்குள் செருகினான். "மேல்முறையீட்டு மனு நீ எழுதுன. கலெக்டர் ஆபீஸ் மனு நீ எழுதுன. தகவல் சட்டத்து மனு நீ எழுதுன. எந்தங்கச்சி எனக்காக ஓயாம எழுதுறான்னு ஏ.டி.எம். வாசல்ல வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவேன். மொத மனுவும் நீதானா."

"அண்ணே, வியாழக்கிழமைக்குள்ள நான் அஃபிடவிட் குடுத்துடறேன். பொய்யின்னு எழுதிடறேன். கேஸு நிக்கும்."

"நீ எழுதாத," என்றான்.

"நான் எழுதலன்னா கேஸு..."

"இனிமே நீ எனக்கு எதுவும் எழுதாத."

வெளியே நடந்தான். மலர்க்கொடி மட்டும் நகரவில்லை. அவள் தன் புருஷனின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷத்தில் சொன்ன பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்ததோ என்னவோ, முகம் கறுத்திருந்தது. பிறகு விடுவிடுவென்று போய் அவன் பக்கத்தில் நடந்தாள்.

"அப்ப நீங்க நோய மறைச்சிப் பட்டாளத்துல சேரல," என்றாள்.

"அதத்தான் இருவது வருஷமா சொன்னேன்."

"சத்தமா சொல்லியிருக்கணும்."

அவன் கட்டை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

புவனகிரியிலிருந்து சிதம்பரம் அரை மணி நேரம்கூட இல்லை. மூன்று பேரும் மூன்று வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வண்டிகேட் ஸ்டாப்பில் இறங்கியதும் கதிரவன் வேகம் பிடித்தான். பட்டாளத்து நடை அவனை விட்டுப் போகவில்லை. கையை வீசி, தலையைத் திருப்பாமல் நடந்தான். கக்கத்தில் எண்பத்தாறு பக்கம்.

"அவரு மத்தியான மாத்திரை போடல," என்றாள் மலர்க்கொடி மூச்சிரைக்க. "காலையிலேர்ந்து சாப்பிடவும் இல்ல. கோவமும் வெயிலும் சேந்தா வந்துடும். வேகமா வா வாணி."

அவள் வழக்கமான டீச்சரம்மாவை விட்டு வாணி என்று கூப்பிட்டதை இசைவாணி கவனித்தாள். கவனித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

புயலுக்குப் பிறகு போட்ட புதுத் தகரக் கூரை வெயிலில் கண்ணைக் குத்தியது. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கதிரவன் எந்தக் கதவையும் உள்ளே பூட்டக் கூடாது. கல்யாணமான முதல் வருஷம் குளிக்கும்போது வலிப்பு வந்து, கதவை உடைத்துத் தூக்கினார்கள். நெற்றித் தழும்பு அன்றைக்கு வந்தது. மறுநாளே மலர்க்கொடி ஆசாரியைக் கூப்பிட்டுக் குளியலறை, உள்ரூம், பின்கட்டு எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டாள். வாசல் கதவுத் தாழ்ப்பாள் மட்டும் மிச்சம். ராத்திரி அதைப் போடுகிறவளும் அவள்தான். மகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர ஆறு மணி ஆகும். வீட்டில் யாரும் இல்லை.

அவர்கள் தெருமுனை திரும்பும்போது கதிரவன் படியேறிப் பூட்டைத் திறந்துவிட்டான்.

"ஏங்க, நில்லுங்க," என்று கூப்பிட்டாள் மலர்க்கொடி.

அவன் நின்றான். திரும்பி இருவரையும் பார்த்தான். சண்டை போடுகிற முகமாக அது இல்லை. ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் படுத்து எழுந்து, டிரங்குப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது இருந்த முகம். அதற்கு மறுவாரம் இசைவாணி கையில் ஒரு டஜன் வளையல் குலுங்கியது.

"நீ இந்நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போயிருக்கணும், இசைவாணி," என்றான்.

இத்தனை வருஷமும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

மலர்க்கொடி ஓடினாள். ஓடும்போதே கை தானாகச் சுருக்குப்பைக்குள் போய் அந்த இரும்புச் சாவியை எடுத்துவிட்டது. அது எந்தப் பூட்டுக்குமான சாவி இல்லை. வலிப்பு வந்தால் அவன் உள்ளங்கையில் திணிப்பதற்கு அவள் வைத்திருந்தது.

அவள் படியில் கால் வைத்தபோது, உள்ளே வாசல் கதவின் தாழ்ப்பாள் துரு உரச முழுதாக விழுந்தது.